இறக்கம் பார்த்து நிற்கும் ஜீப்

போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். சாலையோரம் நிற்கும் பழைய ஜீப்புகளில் சிலவற்றின் மூக்கு எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே இருக்கும். பத்தடி தள்ளிச் சமதளம் காலியாகக் கிடந்தாலும் டிரைவர் அங்கே நிறுத்த மாட்டார். சரிவில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்ததும் கல்லை எடுப்பார், வண்டி உருளும், இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். செல்ஃப் மோட்டார் போய் எத்தனை மாதமாயிற்று என்று கேட்டால், "மலை இருக்கிற வரைக்கும் செல்ஃப் எதுக்கு?" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பில் ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது. இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்குக்கு முழுப் பலம் கிடையாது. பிரேக் மிதியை லேசாக அழுத்தினாலே வண்டி நிற்கிறதென்றால், அதற்குப் பின்னால் வாக்குவம் பூஸ்டர் உதவிக்கு இருக்கிறது என்று பொருள். பல டீசல் வண்டிகளில் அந்த வாக்குவத்தை உண்டாக்கும் பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். இன்ஜின் சுற்றினால்தான் ஆல்டர்னேட்டர் சுற்றும்; அது சுற்றினால்தான் வாக்குவம். நிறுத்தி வைத்த வண்டியில் மிச்சமிருக்கும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்கு வரும், பிறகு மிதி கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அந்த உதவியும் இருக்காது. கிளட்சை விட்ட முதல் முறையிலேயே இன்ஜின் பிடிக்காவிட்டால், பதினைந்து பேரைச் சுமந்த ஜீப், அரை பிரேக்கோடு அடுத்த வளைவை நோக்கி உருண்டுகொண்டிருக்கும்.

போடிநாயக்கனூருக்கு ஜீப் வெறும் வண்டியல்ல, பிழைப்பு. ஏலக்காய் விளைவது மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலமலையில். அதைப் பறிக்கும் கைகளில் பெரும்பகுதி கீழே, தேனி மாவட்டத்து ஊர்களில். போடி, தேவாரம், கம்பம் பக்கத்துப் பெண்கள் விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தோட்டங்களுக்குப் போய் மாலையில் இறங்கிவிடுகிறார்கள். பறித்து உலர்த்திய காய் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியம் நடத்தும் மின் ஏலத்தில் விலைபோகிறது. மதுரையிலிருந்து வரும் ரயில், அகலப்பாதைப் பணிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்துவிட்டு, 2023 ஜூன் 15 முதல் மறுபடியும் போடிக்கு வருகிறது. ஆனால் தண்டவாளம் அடிவாரத்தோடு சரி. முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டினால், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறக்குறைய மூவாயிரம் அடி ஏற்றமும் சக்கரங்களின் பொறுப்பு. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இதுதான். மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதையில் திரும்பிவிட்டால் பாறையும் சேறும் ஓடைத் தண்ணீரும்தான் சாலை.

வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா நிறுவனம் 1947இல் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த கமாண்டர், மேஜர் போன்ற டீசல் வண்டிகள் மற்ற ஊர்களில் மறைந்தபிறகும் ஏலமலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளைத் தூக்கிச் செல்வதும் இந்த இனம்தான். கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஜீப் போக வழி இருப்பதோ கேரளப் பக்கம் மட்டும். இப்படிப்பட்ட பாதைகளில் ஓடும் வண்டியில் முதலில் மக்கர் செய்யும் உறுப்புகளின் பட்டியலைப் போட்டால், செல்ஃப் மோட்டார் மேலேயே வரும்.

ஜீப்பின் முகப்பில் பம்பருக்கு மேலே ஒரு துளை இருந்ததைப் பழைய ஆட்கள் நினைவில் வைத்திருப்பார்கள். கிராங்க் கம்பியை நுழைத்துச் சுற்றுவதற்கான துளை அது. அம்பாஸடர் காரிலும் இருந்தது. அந்தக் கம்பியைப் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு: கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும், கம்பியைச் சுற்றி வளைக்கக் கூடாது. இன்ஜின் தப்பான நேரத்தில் வெடித்துக் கம்பி எதிர்த்திசையில் திருப்பி அடித்தால் கட்டைவிரலும் மணிக்கட்டும் ஒடிந்துவிடும். அமெரிக்கக் கார் தயாரிப்பாளரான பைரன் கார்ட்டர் 1908இல் இறந்ததற்கு இப்படிப்பட்ட ஓர் அடிதான் காரணம் என்ற கதை மோட்டார் உலகில் வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்தச் சாவால் மனம் நொந்துதான் கடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லீலண்ட் மின்சார ஸ்டார்ட்டர் தேடினார் என்பதும் அதே கதையின் மறுபாதி. கதையில் எவ்வளவு மெய் என்பது ஒருபுறம் இருக்கட்டும். டேட்டன் நகரத்துப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1911இல் அந்த ஸ்டார்ட்டரைச் செய்துகொடுத்ததும், 1912ஆம் ஆண்டு கடிலாக் கார் கம்பியில்லாமல் விற்பனைக்கு வந்ததும் சந்தேகமற்ற வரலாறு.

கெட்டரிங் அதற்கு முன் கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லாப்பெட்டிக்கு மின் மோட்டார் செய்தவர். டிராயர் திறக்க மோட்டார் ஒரு நொடி மட்டும் சுற்றினால் போதும். ஒரு நொடிக்கு மட்டும் என்றால், சிறிய மோட்டாரிலும் அதன் தகுதிக்கு மீறிய மின்சாரத்தைச் செலுத்தலாம், சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். இதே யோசனையைத்தான் அவர் காருக்கும் கொண்டுவந்தார். இன்று வரையிலும் எல்லா செல்ஃப் மோட்டாரும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. பத்துப் பதினைந்து வினாடிகளுக்கு மேல் தொடர்ந்து சாவியைத் திருப்பிப் பிடிக்கக் கூடாது, ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் அரை நிமிடமாவது விட வேண்டும் என்று மெக்கானிக்குகள் தலைப்பாடாகச் சொல்வது இதனால்தான். ஓய்வில்லாமல் ஓடுவதற்கென்று அது செய்யப்படவில்லை.

தென்தமிழ்நாட்டுக்கு இந்தப் பொருளோடு இன்னொரு சொந்தம் உண்டு. மதுரையில் பேருந்துத் தொழிலில் வேரூன்றிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1961இல் லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனியைத் தொடங்கின. சென்னை பாடியில் இருக்கும் அதன் ஆலையில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்றவை உருவாகின்றன. இந்தியச் சாலைகளில் ஓடும் எத்தனையோ கார், ஜீப், டிராக்டர்களில் அந்தப் பெயர் பொறித்த மோட்டாரைப் பார்க்கலாம்.

மோட்டாருக்குள் நடப்பது இதுதான். சாவியைத் திருப்பினால் மெல்லிய ஒரு ஒயர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம், மோட்டாரின் முதுகில் சவாரி செய்யும் சொலினாய்டு என்ற சிறு உருளைக்குப் போகிறது. அது காந்தமாகி உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டு இழுபட்டதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒரு நெம்புகோல், பென்டிக்ஸ் என்று ஒர்க்ஷாப்பில் அழைக்கப்படும் சிறு பற்சக்கரத்தை முன்னே தள்ளி, இன்ஜினின் பிளைவீலைச் சுற்றியிருக்கும் பெரிய ரிங்கோடு கோக்கிறது. கோத்து முடியும் தறுவாயில் ஒரு செம்புத் தட்டு இரண்டு தடித்த போல்ட்டுகளை இணைக்க, பேட்டரியின் முழு மின்சாரமும் மோட்டாருக்குள் பாய்கிறது. சிறு பற்சக்கரத்தில் ஒன்பது பத்துப் பற்கள். ரிங்கில் நூற்றுக்கு மேல். மோட்டார் பன்னிரண்டு பதினைந்து சுற்று சுற்றினால் இன்ஜின் ஒரு சுற்று சுற்றும்.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்க வேண்டும். அதனால் பெட்ரோல் காரைவிட அதைச் சுழற்றக் கூடுதல் பலம் தேவை. பெட்ரோல் சிறுகாரின் ஸ்டார்ட்டர் ஒரு கிலோவாட்டை ஒட்டியிருந்தால், டீசல் ஜீப்பில் இருப்பது இரண்டு கிலோவாட் அல்லது அதற்கும் மேல். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் 3 ஹெச்.பி. மோட்டாரின் பலத்தை ஒரு முழ நீள உருளைக்குள் அடைத்தது போன்றது அது. கிணற்று மோட்டாருக்கு மூன்று பேஸ் லைன் இருக்கிறது. இதற்கு 12 வோல்ட் பேட்டரி மட்டும். வோல்ட் குறைவென்பதால் ஆம்பியர் எகிறுகிறது. முந்நூறு நானூறு ஆம்பியர் ஓடுவது சாதாரணம். பேட்டரியிலிருந்து வரும் ஒயர் விரல் தடிமனில் இருப்பதற்கும், ஒரு டெர்மினலில் படிந்த கொஞ்சம் பச்சைக் களிம்பு முழு வண்டியையும் முடக்கிவிடுவதற்கும் இந்த ஆம்பியர்தான் காரணம்.

12 வோல்ட் என்பதால் தொட்டால் ஷாக் அடிக்காது. அந்தத் தைரியத்தில்தான் பலர் பேட்டரியைக் கழற்றாமலேயே ஸ்பேனரை உள்ளே விடுகிறார்கள். ஆனால் ஸ்பேனரின் ஒரு நுனி ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டிலும் மறுநுனி சேஸிஸிலும் பட்டால், அத்தனை ஆம்பியரும் ஸ்பேனர் வழியாக ஓடும். வெல்டிங் மிஷினில் ஓடுவதைவிடவும் அதிகம். ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், சிவக்கும். நடுவில் மோதிரமோ உலோகக் கைக்கடிகாரமோ மாட்டினால் அது சூடேறி விரலைச் சுட்டுத் தசைவரை போகும். பேட்டரியின் மேல் வாயில் தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் வாயு அந்தப் பொறியில் பற்றினால் பேட்டரி வெடித்து முகத்தில் ஆசிட் தெறிக்கும். செல்ஃப் மோட்டார் வேலையில் மின்சாரத்தால் வரும் ஆபத்து இவ்வளவும், பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய, பேட்டரியைக் கழற்றும் ஒரே ஒரு வேலையைத் தவிர்த்ததால் வருவது.

"அண்ணே, செல்ஃப் போச்சு" என்று பாதி மலையிலிருந்து போன் வந்தால், அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சத்தம் வருது?" என்பதாகத்தான் இருக்கும். காரணம், கழற்றப்படும் மோட்டார்களில் கணிசமானவை கெட்டுப்போனவை அல்ல.

கடகடவென்று தொடர்ந்து தட்டும் சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். சொலினாய்டு இழுக்கும், மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சியதும் வோல்ட் விழும், சொலினாய்டு விட்டுவிடும், மறுபடி இழுக்கும். இந்த இழுபறிதான் அந்தக் கடகட. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து அதோடு நின்றால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், செம்புத் தட்டு கருகியிருக்கலாம். 'ர்ர்ர்' என்று மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் பென்டிக்ஸ் வழுக்குகிறது. பல்லைக் கடிப்பதுபோல் நறநறவென்றால் ரிங்கின் பற்கள் தேய்ந்துவிட்டன. சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், பியூஸ், ரிலே, அந்த மெல்லிய ஒயர் இவற்றில் ஏதோ ஒன்று. புது வண்டிகளில் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி வைத்திருக்கும் சுவிட்சும் சேர்ந்துகொள்ளும்.

ரிங் தேய்வதில் ஒரு வேடிக்கை உண்டு. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது கண்ட இடத்தில் நிற்பதில்லை. அழுத்தம் கூடும் இடத்தை மீற முடியாமல், எதிரெதிரான இரண்டு இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். அதனால் ரிங்கின் அந்த இரண்டு பகுதிப் பற்கள் மட்டும் அடி வாங்கித் தேய்கின்றன. டிரைவர்கள் வண்டியை கியரில் போட்டு ஒரு சாண் தள்ளிவிட்டு மறுபடி சாவியைத் திருப்புவதும், அப்போது எடுத்துக்கொள்வதும் இதனால்தான். தள்ளியதில் நல்ல பல் எதிரே வந்துவிடுகிறது. இந்த நோய்க்கு ஸ்டார்ட்டரை மாற்றிப் பயனில்லை. கியர்பாக்ஸை இறக்கி ரிங்கை மாற்ற வேண்டும்.

மலைச்சாலைக்கென்றே உள்ள தொல்லைகள் சில. புலியூத்துப் பக்கம் சுமையோடு இரண்டாம் கியரில் முக்கி ஏறிய வண்டியை மெட்டில் நிறுத்திவிட்டு உடனே எடுத்தால் எடுக்காது, அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் எடுக்கும். சைலென்சர் குழாயின் பக்கத்திலேயே ஸ்டார்ட்டர் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் இது வழக்கம். வெப்பம் 80 டிகிரி கூடினால் செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 30 சதவீதம் உயரும். சொலினாய்டு சுருளுக்கு இழுக்கும் பலம் குறைந்துவிடும். விடிகாலைக் குளிரிலோ கதை வேறு. ஆயில் கெட்டியாகி இன்ஜின் இறுகியிருக்கும், பேட்டரியின் வீரியமும் குறைந்திருக்கும், டீசலுக்கு வேண்டிய சூடும் கிடைக்காது. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அதன் விளக்கு அணையும்வரை காத்திருக்காமல் சாவியை முறுக்குகிறவர்கள்தான் மோட்டாரையும் பேட்டரியையும் சேர்த்துக் கொல்கிறார்கள். மூன்றாவது, சேறு. ஸ்டார்ட்டர் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் தாழ்வாக இருப்பதால் ஓடைத் தண்ணீரும் செம்மண்ணும் அதன் மூக்கு வழியே நுழைந்து, தண்டைத் தாங்கும் புஷ்ஷைத் தின்றுவிடும்.

நான்காவதாக ஒன்று, பலர் மறந்துவிடுவது: இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை. ஸ்டார்ட்டருக்குப் போன மின்சாரம் அதன் உலோக உடல் வழியாகவும் இன்ஜின் வழியாகவும் இந்தப் பட்டையில் இறங்கித்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். தோட்டத்து ஈரத்தில் அது துருப்பிடித்து, இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருக்கும். புது ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டியும் பழைய குறையே தொடர்கிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பேட்டரி முனைகளில் மீட்டரைப் பிடித்துப் பார்க்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், குற்றவாளி பேட்டரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வோல்ட் நன்றாக நிற்கிறது, மெல்லிய ஒயரிலும் மின்சாரம் வருகிறது, பெரிய ஒயரும் எர்த்தும் சுத்தம், ஆனாலும் மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் அதைக் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் எடுத்துக்கொள்ளும் என்பது பழைய வைத்தியம். சிக்கிய கார்பன் அதிர்ச்சியில் உட்கார்ந்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் இப்போதைய கார்களில் பல ஸ்டார்ட்டர்களுக்குள் சுருளுக்குப் பதிலாக நிலைக் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஓங்கித் தட்டினால் காந்தம் உடைந்து உள்ளே சிதறிவிடும்.

ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம் இதைவிட மோசம். சொலினாய்டின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து நேரடியாக மோட்டாரைச் சுற்ற வைப்பார்கள். வண்டி கியரில் இருக்கிறதா என்று சாவி சுவிட்சுக்காவது தெரிய வாய்ப்புண்டு, ஸ்க்ரூ டிரைவருக்குத் தெரியாது. கியரில் கிடந்த வண்டி குதித்து, சக்கரத்துக்கு முன்னால் குனிந்திருப்பவர் மேலேயே ஏறும். டிராக்டரில் இப்படி நடந்த சாவுகள் அமெரிக்காவில் எத்தனையோ. அங்குள்ள வேளாண் பாதுகாப்பு அமைப்புகள் பல்லாண்டுகளாக இதற்கென்றே எச்சரிக்கை ஒட்டி வருகின்றன. நம் ஊர் டிராக்டர், பவர் டில்லர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

கழற்றும் வேலைக்கு முதல் தேவை, சமதளம். மலையில் அது கிடைப்பது அரிது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் வளைவின் மடியில், சரிவில் வைத்து வண்டிக்கு அடியில் படுப்பதைவிட, கயிறு கட்டி ஒரு கிலோமீட்டர் மெதுவாக இழுத்துப்போய் ஒரு தோட்டத்துக் களத்திலோ டீக்கடை முற்றத்திலோ நிறுத்துவது மேல். ஹேண்ட் பிரேக், முதல் கியர், இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை. சாவி டிரைவரின் சட்டைப் பையில் இருக்கட்டும். வண்டியில் தொங்க வேண்டாம். ஏறிவந்த சூடு தணியும்வரை சைலென்சர் பக்கம் கையை விட முடியாது, அதற்குள் டீ குடித்துவிடலாம். கட்டைக்குப் பதிலாகக் கல் வைத்தவர்கள் கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரத்தில் தூக்கிப் போட வேண்டும். லாரிக்காரர்கள் சாலையிலேயே விட்டுப்போன கல்லில் இரவு நேரத்தில் பைக் ஏறி விழுவது மலைச்சாலைகளில் புதிதல்ல.

ஜீப் உயரமான வண்டி, பெரும்பாலும் தூக்காமலேயே கை எட்டும். காரைத் தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே நீட்டக் கூடாது. ஹாலோபிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது அதைவிடப் பயங்கரம், எச்சரிக்கையில்லாமல் நொறுங்கிவிடும் அது. மழையில் ஊறிய மண்ணில் ஸ்டாண்டின் கால் புதையும் என்பதால் அடியில் அகலமான பலகை போட வேண்டும்.

பிறகு பேட்டரி. எர்த் ஒயரை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில்தான் மாட்ட வேண்டும். பாஸிட்டிவ் முனையை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் நழுவி பாடியில் பட்டதும் முழு ஷார்ட். எர்த்தை எடுத்துவிட்ட பிறகு ஸ்பேனர் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது, மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. அநேகமாக எல்லா வண்டிகளிலும் எர்த் என்பது நெகட்டிவ்தான். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாஸிட்டிவ் எர்த்தாக இருந்தது. அப்படியொன்றை வைத்துப் போற்றுகிறவர் எது பாடியோடு சேர்ந்திருக்கிறதோ அதை முதலில் எடுக்க வேண்டும். ஏர்பேக் உள்ள கார்களில் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டபிறகே கையை வைப்பது நல்லது. சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் கார்களில் எர்த் முனையோடு ஒரு சென்சாரும் ஒட்டியிருக்கும், அதை நெம்பி உடைத்துவிடக் கூடாது.

இனி மோட்டார். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, தடித்த ஒயரையும் மெல்லிய ஒயரையும் கழற்ற வேண்டும். மோட்டாரை இன்ஜினோடு பிடித்திருப்பது இரண்டு அல்லது மூன்று போல்ட்டுதான். கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியும்; மேலே இருப்பது தெரியாது, நீள எக்ஸ்டென்ஷன் போட்டுத் தடவித்தான் பிடிக்க வேண்டும். துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டுக் காத்திருக்காமல் முறுக்கினால் தலை அறுந்துவிடும், அதன்பிறகு அது அரைநாள் வேலை. கடைசி போல்ட் வெளியே வரும்போது ஒரு கை மோட்டாரைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பழைய டீசல் ஜீப்பின் ஸ்டார்ட்டர் பத்துக் கிலோவை ஒட்டிய கனம். மல்லாந்து படுத்திருப்பவர் முகத்தில் விழுந்தால் பல் தப்பாது. மோட்டாருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மெல்லிய தகடு வைத்திருந்தால் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். பற்களுக்கு இடையேயான நெருக்கம் அதை வைத்துத்தான். மோட்டார் வெளியே வந்ததும், அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்து, வண்டியை ஒருவர் மெல்லத் தள்ள, ரிங்கின் எல்லாப் பற்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். இந்தச் சந்தர்ப்பம் மறுபடி கிடைக்காது. தள்ளுவதற்காகக் கட்டையை எடுத்தால், அடியில் யாரும் இருக்கக் கூடாது.

கழற்றிய மோட்டாரைத் தரையில் வைத்து ஜம்பர் ஒயர் கொடுத்துச் சோதிப்பவர்கள் அதை வைஸில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மின்சாரம் பட்டதும் அது திமிறித் துள்ளும். கார்பன், புஷ், சொலினாய்டு இவற்றில் எது போயிருந்தாலும் தனியாக மாற்றலாம். உள்ளே சுழலும் ஆர்மேச்சர் கருகியிருந்தால் மட்டும் சுருள் கட்டுகிற செலவையும் புது மோட்டாரின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதிதோ ரீகண்டிஷனோ, எதை வாங்கினாலும் பழையதைப் பக்கத்தில் வைத்துப் பற்களின் எண்ணிக்கை, சுற்றும் திசை, போல்ட் துளைகளின் இடைவெளி மூன்றும் ஒன்றுதானா என்று பார்க்காமல் மலையேற வேண்டாம். மதுரைக்கோ தேனிக்கோ திரும்பி ஓட ஒரு நாள் கூலி போய்விடும்.

மாட்டுவதற்கு முன், மோட்டார் வந்து உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷால் வெள்ளையாகத் தேய்க்க வேண்டும். எர்த் அந்த முகத்தின் வழியாகத்தான் என்பதால், அங்கே பெயின்ட்டும் துருவும் இருந்தால் புது மோட்டாரும் முனகும். போல்ட்டுகளை முதலில் கையால் சில சுற்று ஏற்றி, மோட்டார் நேராக உட்கார்ந்த பிறகே ஸ்பேனர். தடித்த ஒயர் சைலென்சரில் உரசாமல் கிளிப்பில் அடங்க வேண்டும். அந்த ஒயர் முனையின் ரப்பர் மூடியைத் தொலைத்துவிட்டு அப்படியே விடுகிறவர்கள் பின்னால் ஒரு நாள் புகை பார்க்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் பாஸிட்டிவ், கடைசியாக எர்த்.

அடுத்தவர் வண்டியின் பேட்டரியை இரவல் வாங்கி ஸ்டார்ட் செய்ய நேர்ந்தால் சிவப்பு ஒயரை இரண்டு பாஸிட்டிவ்களுக்கும் கொடுத்து, கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவிலும், கடைசி முனையை நின்றுபோன வண்டியின் பேட்டரியில் அல்லாமல் அதன் இன்ஜின் இரும்பிலும் மாட்ட வேண்டும். பொறி பறந்தாலும் பேட்டரி வாயுவை விட்டு விலகியே பறக்கும்.

வண்டி கியரில் இல்லை என்று பார்த்து, சமதளத்தில் வைத்தே நாலைந்து முறை அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். இன்ஜின் பிடித்ததும் சாவியை விட்டுவிட வேண்டும். பிடித்தபிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தால் ரிங் அந்தச் சிறு பற்சக்கரத்தைப் பல்லாயிரம் சுற்று வேகத்தில் இழுக்கும், அதைக் காப்பதற்கென்றுள்ள கிளட்ச் சீக்கிரமே தேயும். ஓடும் இன்ஜினில் பேட்டரி முனைகள் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டரும் ஒழுங்காக இருக்கிறது. ஒரு வாரம் மெட்டுக்கு ஏறி இறங்கியபின், எர்த்தை மறுபடி கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் போல்ட்டுகளையும் தடித்த ஒயரின் நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பாதையின் குலுக்கலில் அவை கால் சுற்று தளர்ந்திருப்பது வழக்கம்.